பந்தை யாரிடம் கொடுப்பது?

1927ஆம் ஆண்டு அமெரிக்கக் கூடைப்பந்தின் விதிகளை வகுக்கும் கூட்டுக் குழு ஒரு முடிவெடுத்தது. இனி ஓர் ஆட்டக்காரர் பந்தைத் தரையில் ஒரே ஒரு முறைதான் தட்டலாம். அதற்குள் கூடையில் எறிய வேண்டும், இல்லையேல் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இதற்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் வால்டர் மீன்வெல். அவருடைய அணிகள் குறுகிய பாஸ்களாலேயே எதிரிகளைத் திணறடித்தவை. பந்தைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறவன் ஆட்டத்தைக் கெடுக்கிறான் என்பது அவர் கட்சி. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபாக் ஆலனுக்கு இது பொறுக்கவில்லை. ஊர் ஊராக உள்ள பயிற்சியாளர்களைத் திரட்டினார்; எதிர்ப்பு வலுத்தது; விதி கைவிடப்பட்டது. அந்தச் சண்டையில் பிறந்ததுதான் அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களின் தேசியச் சங்கம்.

மீன்வெல் அன்று ஜெயித்திருந்தால், பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு என்ற ஆளே இருந்திருக்க மாட்டார்.

உண்மையில் இந்த ஆட்டம் அவருக்கு இடம் வைத்துப் பிறக்கவில்லை. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதி ஒட்டிய 13 விதிகளில், பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது முக்கியமானது. (அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். அந்தக் கல்லூரி இருக்கும் நந்தனத்துக்கும் நெய்ஸ்மித்துக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.) நாலாபுறமும் எதிரிகள் சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது? பந்தைக் கீழே போட்டுவிட்டு, ஓடிப்போய்த் தானே எடுத்துக்கொள்வது. விதிக்கு வெளியே போகாமல் விதியை ஏய்க்கும் இந்தச் சின்னத் தந்திரத்திலிருந்துதான் பந்தைத் தட்டிக்கொண்டே போகும் டிரிபிளிங் வளர்ந்தது. 1890களின் பிற்பாதியில் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் அதை ஓர் ஆயுதமாகவே ஆக்கிக்கொண்டார்கள். அன்றைய பந்தில் தையல் கயிறு துருத்திக்கொண்டிருக்கும். அது தரையில் பட்டால் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று தட்டியவனுக்கே தெரியாது.

இரண்டு விதி மாற்றங்கள் இந்தத் தந்திரத்தை ஒரு தொழிலாக்கின. 1932இல் ஒரு கட்டுப்பாடு வந்தது: பந்தைப் பெற்ற அணி 10 வினாடிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். 1937இல் இன்னொன்று போனது: ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவட்டத்தில் பந்தை மேலே எறிந்து, இரண்டு நெட்டையர்கள் குதித்துத் தட்டும் சடங்கு. அதற்குப் பிறகு, கூடை வாங்கிய அணி தன் எல்லைக் கோட்டிலிருந்து பந்தை எடுத்து, துரத்தும் எதிரிகளைத் தாண்டி, மறு பக்கம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஓர் ஆட்டத்தில் பல பத்து தடவை. யாராவது ஒருவர் பந்தைப் பறிகொடுக்காமல் கொண்டுபோயே ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும், அணியிலேயே குட்டையான பையனுக்கு ஒரு வேலை கிடைத்தது.

அந்த வேலை என்ன என்பதை நம்மூர்த் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் தேரைத் திருப்புகிறார், நிறுத்துகிறார். பாயிண்ட் கார்டு அந்த ஆள். எப்போது வேகம், எப்போது நிதானம், பந்து யாருக்கு எந்த நொடியில் போக வேண்டும் என்பது அவர் முடிவு.

இங்கேதான் சிக்கல். உயரத்தை நாடாவால் அளக்கலாம். எவ்வளவு உயரம் எம்புகிறான் என்பதைச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்துவிடலாம். முடிவெடுப்பதை எதை வைத்து அளப்பது? ஒரு பதினெட்டு வயதுப் பையன் நல்ல பாயிண்ட் கார்டு ஆவானா என்று தெரிய ஒரே வழி, அவனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, அவன் அதைத் தொலைப்பதைப் பொறுத்துக்கொண்டு காத்திருப்பது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டுகளின் கதை பாதி அவர்களுடையது என்றால், மீதி அந்தப் பந்தைக் கொடுத்த, அல்லது கொடுக்க மறுத்த பயிற்சியாளர்களுடையது.

மறுத்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் ஆல்வின் ஜூலியன். 'டாகி' என்பார்கள். மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் ஹோலி கிராஸ் என்ற ஜெசூட் கல்லூரியின் பயிற்சியாளர். கல்லூரிக்குச் சொந்தமாக ஓர் ஒழுங்கான உள்ளரங்கம்கூடக் கிடையாது. வளாகத்தில் இருந்த ஒரு பழைய கொட்டகையில் பயிற்சி செய்துவிட்டு, பெரிய ஆட்டங்களுக்கு பாஸ்டன் கார்டன் அரங்குக்குப் போவார்கள். 1946இல் அங்கே வந்து சேர்ந்தான் பாப் கூசி.

கூசியின் பெற்றோர் பிரான்சிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர்கள். தந்தை டாக்ஸி ஓட்டினார். ஐந்து வயதுவரை பையனுக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும். கூடைப்பந்தைத் தொட்டதே பன்னிரண்டு பதின்மூன்று வயதில், குயின்ஸ் பகுதிக்குக் குடிபோன பிறகுதான். ஆண்ட்ரூ ஜாக்சன் உயர்நிலைப் பள்ளியில் இளையோர் அணித் தேர்வில் ஒரு முறைக்கு இரண்டு முறை கழித்துக்கட்டினார்கள். இடையில் மரத்திலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடக்காமல், இடது கையால் பந்தைத் தட்டத் தொடங்கினான். கட்டு அவிழ்ந்தபோது இரண்டு கையும் ஒன்றுபோல வேலை செய்தன. பள்ளியின் இளையோர் அணிப் பயிற்சியாளர் தற்செயலாக அவன் ஆட்டத்தைப் பார்த்து, இடது கைக்காரன் ஒருவன் கிடைத்தான் என்றுதான் கூப்பிட்டார். கடைசி வருடம் முடியும்போது நியூயார்க் நகரப் பள்ளிகளிலேயே அதிகப் புள்ளி எடுத்தவன் அவன்.

ஹோலி கிராஸில் முதலாண்டிலேயே அணி தேசியப் பட்டம் வென்றது. 1947 இறுதி ஆட்டத்தில் ஓக்லஹோமாவை 58–47 என்று வீழ்த்தியது. ஆனால் கூசி அதில் துணைப் பாத்திரம்தான். ஜூலியன் இரண்டு ஐவர் குழுக்களை மாற்றி மாற்றி இறக்குவார். கூசி இரண்டாம் குழுவில். அவன் பார்க்காமல் போடும் பாஸும், கூட்டத்தைக் கிளப்பும் வித்தைகளும் ஜூலியனுக்குப் பிடிக்கவில்லை. பயிற்சிக்குத் தாமதமாக வந்தான் என்ற மனத்தாங்கலும் சேர்ந்துகொண்டது. பெஞ்சிலேயே உட்கார்ந்து நொந்துபோன பையன், நியூயார்க் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோ லாப்சிக்குக்குக் கடிதம் எழுதினான்: உங்களிடம் வந்துவிடட்டுமா? லாப்சிக்குக்கு லட்டு மாதிரி வந்த வாய்ப்பு. அவர் வேண்டாம் என்று பதில் போட்டார். ஜூலியன் நல்ல பயிற்சியாளர், கல்லூரி மாறுவது ஆபத்தான காரியம், அங்கேயே இரு என்றார். போட்டி அணியின் பயிற்சியாளர் இப்படி எழுதினார் என்பதை இன்றைய கல்லூரிப் பயிற்சியாளர்களிடம் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள்.

கூசி இருந்தான். பாஸ்டன் கார்டனில் ரசிகர்களே அவன் பெயரைச் சொல்லிக் கத்தி அவனை இறக்கச் சொல்லும் நிலை வந்தது. 1948இல் ஜூலியன் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போய்விட, அந்த இடத்துக்கு வந்தவர் பஸ்டர் ஷீரி. பந்து கூசியின் கைக்கு நிலையாக வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த அரங்கில் சிகாகோவின் லயோலா அணிக்கு எதிராக நடந்த ஓர் ஆட்டத்தின் கடைசி நொடிகள் இன்றும் பேசப்படுகின்றன. கூசி வலப்பக்கமாகக் கூடையை நோக்கிப் பாய்கிறார். அவரைக் காக்கும் ஆள் அந்த வலப்பக்கத்தையே அடைத்துக்கொண்டு ஒட்டி வருகிறார். பந்தை முன்னால் குறுக்காக மாற்றினால் தட்டிவிடுவார். கூசி பந்தைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு தட்டு தட்டி, இடது கையில் வாங்கி, அதே கையால் கூடையில் போட்டார். ஆட்டம் ஹோலி கிராஸுக்கு. அதற்கு முன் அதைப் பயிற்சி செய்து பார்த்ததே இல்லை என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். நம்பலாம். மரத்திலிருந்து விழுந்த வருடத்தில் இடது கை கற்ற பாடம், தேவைப்பட்ட நொடியில் தானாக வந்து நின்றிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பாஸ்டனின் தொழில்முறை அணியின் கண்ணில் அவர் விழவில்லை என்பதுதான் வேடிக்கை. 1950இல், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், செல்டிக்ஸின் புதுப் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக், உள்ளூர்க்காரர்களைத் திருப்திப்படுத்தவா நான் வந்தேன் என்று செய்தியாளர்களிடம் எரிந்து விழுந்துவிட்டு, நெடிய சென்டர் சார்லி ஷேரைத் தேர்ந்தெடுத்தார். கூசியை எடுத்த டிரை-சிட்டீஸ் அணியோடு சம்பளம் ஒத்துவரவில்லை. அவர் வூஸ்டரில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்தும் யோசனையில் இருந்தார். அவர் உரிமை சிகாகோ ஸ்டாக்ஸுக்குக் கைமாறியது; அந்த அணியே இழுத்து மூடப்பட்டது. மிஞ்சிய மூன்று கார்டுகளின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். செல்டிக்ஸ் முதலாளி வால்டர் பிரவுன் வேறொருவரை எதிர்பார்த்துக் கையை விட்டார்; வந்தது கூசியின் சீட்டு. அதன்பின் ஆறு சாம்பியன் பட்டங்கள், தொடர்ந்து எட்டு சீசன் அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்) கணக்கில் முதலிடம். குலுக்கல் சீட்டுக்கு இருந்த ஞானம் நிபுணர்களுக்கு இல்லை.

கூசி முதலாண்டிலேயே ஆடியது போர்க்காலத்தை ஒட்டிய சலுகை. அதற்குப் பிறகு நெடுங்காலம் முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட முடியாது. தனியாக ஓர் இளையோர் அணியில் பழக வேண்டும். 1972இல்தான் அந்தத் தடை நீங்கியது. நீங்கியதும் பயிற்சியாளர்கள் எல்லோரும் பாய்ந்துவிடவில்லை. வட கரோலினாவின் டீன் ஸ்மித் மூத்த மாணவர்களுக்கே முன்னுரிமை என்பதில் கறாரானவர். அவர் தன் முதல் ஆட்டத்திலேயே களமிறக்கிய முதல் முதலாண்டு மாணவன், 1974இல் வந்த ஃபில் ஃபோர்டு. பாயிண்ட் கார்டு.

ஃபோர்டுக்கு ஸ்மித் கொடுத்தது பந்தை மட்டும் அல்ல, கடிகாரத்தையும். 'ஃபோர் கார்னர்ஸ்' என்ற உத்தி: நான்கு பேர் நான்கு மூலைக்குப் போய்விடுவார்கள், நடுவில் பாயிண்ட் கார்டு மட்டும் பந்தோடு. எதிரி நெருங்கினால் மூலைக்கு ஒரு பாஸ், திரும்ப வாங்கிக்கொள்வது. முன்னிலையில் இருக்கும்போது ஃபோர்டு நாலு விரலை உயர்த்திக் காட்டினால் எதிரணி ரசிகர்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள். எத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்ற வரம்பு கல்லூரி ஆட்டத்தில் அப்போது கிடையாது. ஒரு மாணவனின் தீர்ப்பை இவ்வளவு தூரம் நம்பிய உத்தி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது அலுப்பூட்டியது என்பதும் உண்மை. ஃபோர்டு போன பிறகு, 1979 பிப்ரவரியில் ஸ்மித்தின் அணி டியூக்கோடு ஆடிய ஆட்டத்தில் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு இடைவேளைவரை ஓட்டியது. அப்போது கணக்கு டியூக் 7, வட கரோலினா 0. 1982இல் அதே வட கரோலினா வர்ஜீனியாவை 47–45 என்று இழுத்தடித்து வென்றது தொலைக்காட்சியில் ஊரெல்லாம் பார்த்த ஆட்டம். 1985–86 சீசனில் 45 வினாடி வரம்பு வந்துவிட்டது.

குட்டைப் பையனின் வேலை என்ற எண்ணத்தை உடைத்தவர் மிஷிகன் மாநிலத்தின் லான்சிங் நகரப் பையன் எர்வின் 'மேஜிக்' ஜான்சன். 6 அடி 9 அங்குலம். அந்த உயரத்துக்கு எந்தப் பயிற்சியாளரும் கூடைக்குக் கீழே நிறுத்திவிடுவார். மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜட் ஹீத்கோட் பந்தை அவர் கையில் கொடுத்தார். மேஜிக் தன் ஊர்க் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். 1979 மார்ச் 26 அன்று லாரி பேர்டின் இண்டியானா ஸ்டேட்டை 75–64 என்று வென்ற இறுதி ஆட்டம்தான் இன்றளவும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிக உயர்ந்த ரேட்டிங் பெற்ற கூடைப்பந்து ஆட்டம்.

மேஜிக்கைப் போன்றவர்களை யாரும் தவறவிட மாட்டார்கள். மற்றவர்கள்? ஸ்போகேன் நகரில் அப்பா நடத்திய மதுக்கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த கன்சாகா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜான் ஸ்டாக்டன் நான்கு வருடம் அங்கேயே ஆடினார். அவரைப் பிற்பாடு யூட்டா ஜாஸ் எடுத்தபோது பல ரசிகர்களுக்குப் பெயரே தெரியாது. தொழில்முறையில் அவர் சேர்த்த 15,806 அசிஸ்ட்களை இதுவரை யாரும் நெருங்கவில்லை. கனடாவின் விக்டோரியாவில் வளர்ந்த ஸ்டீவ் நாஷுக்காக அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினார். உதவித்தொகை தர முன்வந்தது கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா ஒன்றுதான். அங்கே வளாகத்தில் ஒரு டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டே வகுப்புக்குப் போவார். 1993இல் முதலாண்டு மாணவராக, அரிசோனா என்ற பெரும்படையைச் சான்டா கிளாரா 64–61 என்று கவிழ்த்தபோது, கடைசி அரை நிமிடத்தில் ஆறு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டார். 2005, 2006 இரண்டு ஆண்டும் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு.

இந்த வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஸ்டீஃபன் கரி. தெரிந்த கதைதான்; ஆனால் தெரியாததுபோலப் பலரும் தாண்டிப்போகும் ஓர் இடம் அதில் இருக்கிறது.

அப்பா டெல் கரி என்.பி.ஏ.வில் பதினாறு சீசன் ஆடியவர், வர்ஜீனியா டெக்கின் நட்சத்திரம். மகனுக்கு அதே கல்லூரி தர முன்வந்தது, உதவித்தொகை இல்லாமல் வந்து பார் என்ற அழைப்பு. ஒல்லி, உயரம் போதாது, இடுப்பருகிலிருந்து பந்தை எறிகிற பழக்கம். பள்ளிக் கோடை ஒன்றில் அப்பா அந்த எறிமுறையைப் பிரித்துப்போட்டு, தலைக்கு மேலிருந்து விடும்படி மாற்றினார். வாரக்கணக்கில் பையனால் தூரத்திலிருந்து ஒரு பந்துகூடப் போட முடியவில்லை. கடைசியில் அவரை விரும்பி அழைத்தது சார்லட்டுக்கு வடக்கே, இரண்டாயிரம் மாணவர்கூட இல்லாத டேவிட்சன் கல்லூரி. அங்கே அப்போது பாப் மக்கிலப் 1989 முதல் பயிற்சியாளராக இருந்தார்.

2006 நவம்பரில் கரியின் முதல் கல்லூரி ஆட்டம், ஈஸ்டர்ன் மிஷிகனுக்கு எதிராக. பந்தை 13 தடவை பறிகொடுத்தார். பதின்மூன்று! ஒரு நல்ல அணி முழுவதுமே ஓர் ஆட்டத்தில் அவ்வளவுதான் தொலைக்கும். அடுத்த நாளே மிஷிகன் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மக்கிலப் மறுபடியும் ஆரம்பத்திலேயே இறக்கினார். கரி 32 புள்ளி எடுத்தார். அந்த ஒரு ராத்திரியில் மக்கிலப் எடுத்த முடிவுதான் அடுத்த பதினைந்து ஆண்டுக் கூடைப்பந்தை மாற்றியது என்றால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்பவும் மிகையில்லை.

2008 தேசியப் போட்டியில் கன்சாகாவுக்கு எதிராக 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்சினுக்கு எதிராக 33. மாணவர்கள் டெட்ராய்ட் போய்ப் பார்க்கக் கல்லூரி அறங்காவலர்கள் பஸ், டிக்கெட், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தார்கள். கான்சாஸோடு 59–57 என்று தோற்ற ஆட்டத்தின் கடைசி எறி கரியுடையது அல்ல. இருவர் அவரை மறிக்க, பந்தை ஜேசன் ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்தார். அது கூடைக்குள் போகவில்லை. அந்த ரிச்சர்ட்ஸ்தான் டேவிட்சனின் பாயிண்ட் கார்டு. அந்த ஆண்டு நாட்டிலேயே அசிஸ்ட் கணக்கில் முதலிடம் அவருக்கு. கரி அதுவரை பக்கத்தில் நின்று பந்தை வாங்கி எறிகிறவர்தான்.

அப்போதே தொழில்முறைக்குப் போயிருக்கலாம். கரி மூன்றாம் ஆண்டுக்குத் திரும்பி வந்தார். ரிச்சர்ட்ஸ் படிப்பு முடித்துப் போய்விட்டதால் பாயிண்ட் கார்டு இடம் காலி. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2008 நவம்பரில் மேரிலாண்டின் லயோலா அணி ஒரு விசித்திரம் செய்தது. ஆட்டம் முழுக்க, பந்து எங்கே இருந்தாலும், இரண்டு பேர் கரியை ஒட்டியே நின்றார்கள். மற்ற நால்வரைக் காக்க மூவர்தான் மிச்சம். கரிக்குக் கணக்கு புரிந்துவிட்டது. மூலைக்குப் போய் நின்றுகொண்டார். இருவரும் கூடவே வந்து நின்றார்கள். மறுபுறம் டேவிட்சனின் நால்வர் மூவரோடு ஆடினார்கள். கரி எடுத்தது பூஜ்யம். அவரது கல்லூரி வாழ்வில் வேறெப்போதும் இப்படி நடந்ததில்லை. டேவிட்சன் 78–48 என்று வென்றது. நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுக்கப்போகும் இருபது வயதுப் பையன், ரசிகர்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்த வித்தையைச் செய்யாமல், மூலையில் கையைத் தொங்கப்போட்டு நின்ற அந்த ஆட்டம், 40 புள்ளி எடுத்த ஆட்டத்தைவிட அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது. அந்த சீசன் டேவிட்சனுக்குத் தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை. கரியின் சராசரி 28.6 புள்ளி, 5.6 அசிஸ்ட். 2009 டிராஃப்டில் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் கார்டுகளை எடுத்தது: ரிக்கி ரூபியோ, ஜானி ஃபிளின். ஏழாவதாக கரியை கோல்டன் ஸ்டேட் எடுத்துக்கொண்டது.

பெண்கள் ஆட்டத்தில் மீன்வெல்லின் ஆவி இன்னும் நீண்ட காலம் உயிரோடு இருந்தது. அயோவா மாநிலப் பள்ளிகளில் பெண்கள் ஆறு பேர் கொண்ட அணியாக ஆடினார்கள். மூவர் எறிவார்கள், மூவர் காப்பார்கள், யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. சிற்றூர்களில் அந்த ஆட்டத்துக்கு இருந்த கூட்டம் ஆண்கள் ஆட்டத்துக்குக்கூட இல்லை. 1993இல்தான் அது முற்றிலும் ஓய்ந்தது. அந்த ஆறு பேர் ஆட்டத்தில் வளர்ந்த லிசா புளூடர் பிற்பாடு அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஆனார். 2020இல் அவரிடம் வந்து சேர்ந்தார் டெ மாய்ன் புறநகர்ப் பெண் கேட்லின் கிளார்க். இரண்டு தட்டுக்கு மேல் கூடாது என்று வளர்ந்தவர், அரங்கின் முழு நீளத்துக்கும் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து நடுக்கோட்டருகிலிருந்தே எறிகிற பெண்ணுக்குக் கடிவாளம் போடவில்லை.

கிளார்க் நான்கு ஆண்டும் ஓர் ஆட்டத்துக்கு நான்கு தடவைக்கு மேல் பந்தைப் பறிகொடுத்தார். புளூடர் பொறுத்துக்கொண்டார். விளைவு 3,951 புள்ளிகள், ஆயிரத்துக்கு மேல் அசிஸ்ட்கள். 2024 மார்ச்சில், 1970இல் பீட் மராவிச் விட்டுப்போன 3,667 என்ற கணக்கைத் தாண்டினார். (மராவிச் மூன்றே ஆண்டில், மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில் எடுத்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அந்த ஆண்டுப் பெண்கள் இறுதி ஆட்டத்தை ஆண்கள் இறுதியைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். அதில் அயோவாவை வென்ற தென் கரோலினாவின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி. 5 அடி 6 அங்குலம் உயரத்தில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை மூன்று முறை தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக்கிய பழைய பாயிண்ட் கார்டு அவர்.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றில் பொதுவாக இருப்பது மூன்று நான்கு வருட அவகாசம். அது இப்போது அரிதாகிவிட்டது. பள்ளி முடித்து ஓராண்டு கழியாமல் தொழில்முறைக்கு வரக் கூடாது என்று என்.பி.ஏ. 2006 முதல் வைத்த விதி, கல்லூரியை ஓராண்டுக் காத்திருப்பு அறை ஆக்கியது. மெம்ஃபிஸில் டெரிக் ரோஸ் ஒரே சீசன் ஆடினார். கரியைத் தோற்கடித்த அதே கான்சாஸிடம் இறுதியில் தோற்று, டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். டியூக்கில் கைரி இர்விங் காயத்தால் ஆடியது மொத்தமே 11 ஆட்டம். அவரும் முதல் ஆளாகத்தான் போனார். அவர்களுக்குக் கல்லூரியிடமிருந்து பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அவர்களைப் பார்த்து, இரண்டாம் ஆண்டுவரை தேறாதவன் தேறவே மாட்டான் என்று ஒரு எண்ணம் பரவியதுதான் கேடு.

சிறிய கல்லூரிகள் அந்த எண்ணத்துக்கு இடம்கொடுக்காமல் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தன. மரே ஸ்டேட்டின் உதவிப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கேன் தென் கரோலினாவில் வேறொரு பையனைப் பார்க்கப் போனவர், சிப்ஸ் வாங்க எழுந்த வழியில் பக்கத்துச் சிறு அரங்கில் பந்து சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தார். அங்கே ஆடிக்கொண்டிருந்தவர் ஜா மொரான்ட். இரண்டாம் ஆண்டில் சராசரி 24.5 புள்ளி, 10 அசிஸ்ட். 2019 டிராஃப்டில் இரண்டாம் இடம். இன்று அதே மரே ஸ்டேட்டில் ஒரு மொரான்ட் முதலாண்டில் நன்றாக ஆடினால், இரண்டாம் ஆண்டு அங்கே இருப்பாரா என்பது சந்தேகம். 2018இல் கல்லூரி மாற விரும்புவோருக்கான 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. 2021இல், மாறினால் ஓராண்டு சும்மா உட்கார வேண்டும் என்ற பழைய விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. பெஞ்சில் உட்கார்ந்து நொந்துபோன ஒரு கூசி இன்று லாப்சிக்குக்குக் கடிதம் எழுதத் தேவையில்லை. லாப்சிக்கே ஒப்பந்தத்தோடு வருவார்.

உழைப்பவனுக்குக் கூலி கிடைப்பதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நூறு வருடம் கல்லூரிகள் இவர்களை வைத்து அரங்கம் நிரப்பிச் சம்பாதித்தன. போர்ட்டலால் பாயிண்ட் கார்டு வளரவே மாட்டார் என்றும் சொல்ல முடியாது. அதற்கு வால்டர் கிளேட்டனே போதும். ஃபுளோரிடாவில் பள்ளிக் காலத்தில் அமெரிக்கக் கால்பந்துக்குத்தான் பெரிய கல்லூரிகள் அவரைத் துரத்தின. அவர் கூடைப்பந்தைப் பிடித்துக்கொண்டு நியூயார்க்கின் சிறிய ஐயோனா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இரண்டு சீசன். பிறகு போர்ட்டல் வழியாக ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இரண்டு சீசன். ஆக நான்கு வருடம், இரண்டு ஊர். 2025 ஏப்ரல் 7 அன்று சான் அன்டோனியோவில் ஹூஸ்டனுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டம். முதல் பாதியில் கிளேட்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பயிற்சியாளர் டாட் கோல்டன் அவரையே நம்பிப் பந்தைத் தொடர்ந்து கொடுத்தார். இரண்டாம் பாதியில் 11 புள்ளி. கடைசி நொடிகளில் ஃபுளோரிடா 65–63 என்று முன்னிலை. ஹூஸ்டனின் எறிகாரர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எம்பினார். கிளேட்டன் கையை உயர்த்திக்கொண்டு அவர் மீது பாய்ந்தார். எறிய முடியாமல் அவர் நடுவானில் பந்தைக் கீழே விட்டார். மீண்டும் தொட்டால் விதிமீறல், அதனால் பந்து தரையில் துள்ளிக்கொண்டிருக்க, அதை எடுக்க முடியாமல் அவர் நின்றார். ஃபுளோரிடாவின் இன்னொருவர் அதன் மேல் விழுந்து பிடித்துக்கொள்ள, கடிகாரம் ஓடி முடிந்தது.